சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஆம்பூர்

மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குரிய வட்டங்கள் மட்டும் அடுத்த டிராப்டவுனில் (சொடுக்கினால் விரியும் பட்டியலில்) வருமாறு இணையப் படிவத்தை அமைப்பது, எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தரப்படும் எளிய வேலைகளுள் ஒன்று. எளிது என்று கருதப்படுவதாலேயே அதை யாரும் மறுமுறை சோதிப்பதில்லை. நான் இடையில் பொறுப்பேற்ற ஒரு விண்ணப்பப் படிவத்தின் டேட்டாபேஸில், மாவட்டம் சிவகங்கை, வட்டம் ஆம்பூர் என்று சில பதிவுகள் கிடந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் என்றொரு வட்டம் உண்டு. 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் பெயரும் திருப்பத்தூர்தான். தம் ஊர்ப் பெயரைக் கண்டவர்கள் மாவட்டப் பட்டியலிலேயே அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தவறை உணர்ந்து சிவகங்கைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்குள் இரண்டாம் பட்டியலில் திருப்பத்தூர் மாவட்டத்தின் வட்டங்கள் வந்து, அகர வரிசையில் முதலாவதான ஆம்பூர் தானாகவே தேர்வாகியிருந்தது. சிவகங்கையின் வட்டங்கள் சர்வரிலிருந்து வந்து சேருமுன் சமர்ப்பிக்கும் பொத்தான் அழுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே, மாவட்டம் மாறிய கணமே வட்டப் பட்டியலைக் காலி செய்ய வேண்டும். முதல் வரி மதிப்பில்லாத ‘தேர்வு செய்க’ என்பதாகவே இருக்க வேண்டும். பதில் வரும்வரை பட்டியலைப் பூட்டி வைப்பதும் நல்லதே, ஆனால் பூட்டப்பட்ட புலத்தை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை என்பதால், முன்பே சேமித்ததைத் திருத்தும் படிவங்களில் பழைய மதிப்பு வெறுமையாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. அதுவரை பொத்தானையும் சேர்த்தே பூட்டுங்கள். ஒருவர் மாவட்டத்தை அடுத்தடுத்து இருமுறை மாற்றினால், முதல் கோரிக்கையின் பதில் பிந்தி வந்து இரண்டாவதை மூடிவிடுவதும் உண்டு. வந்த பதில், இப்போது தேர்விலுள்ள மாவட்டத்துக்குரியதுதானா என்று பார்த்த பிறகே பட்டியலை நிரப்ப வேண்டும்.

இவை எல்லாம் பிரவுசரில் செய்யும் ஒழுங்குகள். படிவத்தைத் திறக்காமலேயே சர்வருக்குக் கோரிக்கை அனுப்பத் தெரிந்தவருக்கு இவற்றுள் எதுவும் தடையில்லை. அந்த வட்டம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததா என்பதைச் சேமிக்குமுன் சர்வர்தான் சரிபார்க்க வேண்டும். டிராப்டவுனிலிருந்து வருவது வெறும் எண்தானே என்று அதை அப்படியே, டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வரியில் ஒட்டும் பழக்கத்தை இன்றும் பார்க்கிறேன். இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பின் 2010, 2013, 2017 பட்டியல்கள் மூன்றிலும் முதலிடத்தில் இருந்த, உள்ளீட்டின் வழியே கட்டளையை நுழையவிடும் இன்ஜெக்‌ஷன் குறைபாட்டுக்கு இப்படித்தான் வாசல் திறக்கிறது.

விண்ணப்ப அட்டவணையில் மாவட்டத்தைத் தனியாகச் சேமிக்காமல், வட்டத்தின் குறியீட்டை மட்டும் ஃபாரின் கீயாக (வட்ட அட்டவணையின் பதிவைச் சுட்டும் குறியாக) வைத்துவிட்டால், முரண்பட்ட இணை உருவாகவே வழியில்லை என்பது என் கருத்து. பெயரைச் சேமிப்பது கூடவே கூடாது. ஏன் என்பதைத் திருப்பத்தூரே சொல்லிவிட்டது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2018இல் ஆம்பூரிலிருந்து வந்த விண்ணப்பம் வேலூர் மாவட்டத்துக்குரியது. வட்ட அட்டவணையில் மாவட்டத்தை மாற்றி எழுதிவிட்டால், அன்று இல்லாத மாவட்டத்தின் கணக்கில் அது ஏறிவிடும். எந்த வட்டம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைத் தனி அட்டவணையில் வைத்து, புதிய படிவத்துக்கு இன்று செல்லுபடியாகும் இணைப்புகளை மட்டும் காட்டலாம்.

அந்தப் பழைய பதிவுகளை நிரல் எழுதிச் சரிசெய்ய முடியவில்லை. மாவட்டம் தவறா, வட்டம் தவறா என்பதை டேட்டாபேஸ் சொல்லாது. விண்ணப்பதாரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுத்தான் திருத்தினோம்.