கறுப்பு மைக்குள் ஒரு முகவரி

2009 ஜூன் 18 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை இணையத்தில் ஏற்றியது. ரசீதுகள், கடிதங்கள், பில்கள் என்று லட்சக்கணக்கான பக்கங்கள். ஆவலாகத் திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்ததில் பாதி கறுப்புப் பட்டை. கையெழுத்தை மறைத்திருந்தார்கள், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்திருந்தார்கள். சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த வீட்டுக்காகப் பணம் கேட்கப்பட்டது என்ற விவரத்தையும், அதாவது முகவரியையும், மறைத்திருந்தார்கள். அப்போது வெடித்திருந்த செலவுக் கணக்கு ஊழலின் சூட்சுமமே அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

அந்த வருடம் பிரிட்டன் முழுக்கச் சிரித்தது வேறு விஷயங்களுக்கு. சர் பீட்டர் விக்கர்ஸ் என்ற உறுப்பினர் தன் குளத்தில் மிதக்கும் ஒரு வாத்துக் கூண்டுக்காக 1,645 பவுண்டு கேட்டிருந்தார். டக்ளஸ் ஹாக்கின் செலவுப் பட்டியலில், வீட்டைச் சுற்றியிருந்த அகழியைத் தூர் வார 2,115 பவுண்டு இருந்தது. உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித்தின் கணக்கில் 88 பென்ஸுக்குக் குளியல் தொட்டி அடைப்பான் ஒன்று. வாத்துக் கூண்டுக்கான பணத்தை நாடாளுமன்ற அலுவலகம் தரவே இல்லை. அந்தக் கூண்டு வாத்துகளுக்கும் பிடிக்கவில்லை என்று விக்கர்ஸே பின்னால் சொன்னார். கேலிச்சித்திரக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பெரிய பணம் வாத்திலும் அகழியிலும் போகவில்லை. அது வீட்டுக்கடன் வட்டி, சமையலறை, வரிப் படிவம் என்று சுவாரசியமே இல்லாத இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எந்திரம் எப்படி ஓடியது என்று பிரித்துப் பார்ப்போம்.

யார்க்‌ஷயரிலோ ஸ்காட்லாந்திலோ இருந்து தேர்வாகும் எம்.பி.க்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் லண்டனில் வேலை. தொகுதியிலும் வீடு வேண்டும், தலைநகரிலும் வீடு வேண்டும். இதற்காக 1970களின் தொடக்கத்தில் 'கூடுதல் செலவுப் படி' ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நோக்கத்தில் தப்பில்லை. இரண்டாவது வீட்டின் வாடகை அல்லது கடன் வட்டி, மின்சாரம், பழுதுபார்ப்பு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் இதில் கேட்கலாம். 2008-09இல் இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 24,006 பவுண்டு. அப்போது எம்.பி.யின் சம்பளமே சுமார் 63,000 பவுண்டுதான். சம்பளத்தை ஏற்றினால் வாக்காளர்கள் கொதிப்பார்கள் என்று பயந்த அரசுகள், மார்கரெட் தாட்சர் காலம் தொட்டு, சம்பளத்தைப் பிடித்துவைத்துவிட்டுப் படியை மட்டும் தாராளமாக வளரவிட்டன. அதனால் பல உறுப்பினர்கள் அதைச் செலவை ஈடுகட்டும் தொகையாகப் பார்க்கவில்லை, மறைமுகச் சம்பளமாகவே பார்த்தார்கள்.

காவலும் பலமாக இல்லை. 250 பவுண்டுக்குக் குறைவான செலவுக்கு ரசீதே தேவையில்லை என்ற விதி 2008 வரை இருந்தது. சாப்பாட்டுக்கு மாதம் 400 பவுண்டு வரை எந்தக் காகிதமும் இல்லாமல் கேட்கலாம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரை தரலாம் என்று பார்க்க, அலுவலக ஊழியர்கள் ஜான் லூயிஸ் என்ற கடையின் விலைகளை வைத்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தார்கள். சமையலறைக்கு 10,000, தொலைக்காட்சிப் பெட்டிக்கு 750 என்று போகும் அந்தப் பட்டியலை எம்.பி.க்களுக்குக் காட்டாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். காரணம், தெரிந்துவிட்டால் எல்லோரும் உச்சத் தொகையையே கேட்பார்கள் என்ற பயம். அலுவலகத்தில் பயணப்படி பில் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பயத்தின் நியாயம் உடனே புரியும்.

ஆனால் இதெல்லாம் சில்லறைதான். அசல் வித்தை 'எது முதல் வீடு, எது இரண்டாவது வீடு' என்ற கேள்வியில் இருந்தது. அதை நாடாளுமன்ற அலுவலகத்துக்குச் சொல்லவேண்டியவர் எம்.பி.யேதான். எங்கே அதிக இரவுகள் தூங்குகிறீர்களோ அதுதான் முதல் வீடு என்று விதிப்புத்தகம் சொன்னது. எத்தனை இரவு என்று யார் எண்ணுவது? ஜாக்கி ஸ்மித், லண்டனில் தன் சகோதரி வீட்டில் தங்கியிருந்த இடத்தை முதல் வீடு என்று எழுதிக்கொடுத்தார். கணவரும் பிள்ளைகளும் இருந்த ரெடிச் வீடு 'இரண்டாவது' ஆனது. படி அதற்கு வந்தது. பிறகு விசாரித்த நாடாளுமன்ற ஒழுங்கு ஆணையர், அவர் லண்டனில் அதிக இரவுகள் தங்கியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். இருந்தும், குடும்பம் இருந்த ரெடிச் வீடுதான் உண்மையில் முதல் வீடு என்று முடிவு செய்தார். ஸ்மித் அவையில் மன்னிப்புக் கேட்டார். இரவை எண்ணினால் ஒரு விடை, வாழ்க்கையைப் பார்த்தால் வேறு விடை.

இப்போது இன்னொரு அலுவலகம் கதைக்குள் வருகிறது: வரித்துறை. பிரிட்டனில் வீடு விற்று லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி கட்டவேண்டும். ஆனால் நீங்கள் குடியிருந்த முதன்மை வீடு என்றால் வரி கிடையாது. இரண்டு வீடு வைத்திருப்பவர் எதை முதன்மை வீடாகக் கொள்ளலாம் என்று தானே வரித்துறைக்கு எழுதிக்கொடுக்கலாம். பிறகு மாற்றியும் கொள்ளலாம். எம்.பி.க்கு மட்டுமல்ல, இரண்டு வீடு உள்ள எல்லோருக்கும் இந்தச் சலுகை உண்டு. அப்போது இன்னொரு கொசுறும் இருந்தது. ஒரு வீடு எப்போதாவது முதன்மை வீடாக இருந்திருந்தால் போதும், உரிமையின் கடைசி 36 மாதத்துக்கு வரி இல்லை. ஒரே ஒரு வாரம் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு எடுத்தாலே மூன்று வருட விலக்கு கிடைக்கும் என்பது கணக்காளர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. இப்போது அந்த 36 மாதம் 9 மாதமாகச் சுருங்கிவிட்டது.

நாடாளுமன்ற அலுவலகம் ஒரு படிவத்தில் கேட்டது, வரித்துறை வேறு படிவத்தில் கேட்டது. இரண்டு விடையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இவர்கள் படிவத்தை அவர்கள் பார்க்கப்போவதும் இல்லை.

ஒரு கற்பனை எம்.பி.யை வைத்துக் கணக்குப் போடுவோம். 2,00,000 பவுண்டுக்கு லண்டனில் ஒரு அடுக்ககம் வாங்குகிறார். நாடாளுமன்றத்தில் அது 'இரண்டாவது வீடு'. வட்டியைப் பொதுப்பணம் கட்டுகிறது. சமையலறை புதிதாகிறது, சுவருக்கு வண்ணம் ஏறுகிறது. சில வருடம் கழித்து 2,60,000க்கு விற்கிறார். லாபம் 60,000. 2008-09 விதிப்படி, ஆண்டு விலக்கான 9,600ஐக் கழித்து, மீதி 50,400க்கு 18 சதவீதம் போட்டால் வரி 9,072 பவுண்டு. ஆனால் வரித்துறையில் அதே அடுக்ககத்துக்கு 'முதல் வீடு' என்று பெயர் கொடுத்திருந்தால் வரி பூஜ்யம் வரை இறங்கும். இடையில் நாடாளுமன்றத்தில் 'இரண்டாவது வீடு' பட்டத்தைத் தொகுதி வீட்டுக்கு மாற்றிக்கொண்டால், அடுத்து அதன் கூரையும் தோட்டமும் சீராகும். ஒரு பக்கம் வெந்ததும் தோசையைத் திருப்பிப் போடுவது போல. ஆங்கிலப் பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயரும் 'திருப்பிப் போடுதல்'தான்.

அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் நாடாளுமன்றத்தில் இரண்டாவது வீடாகக் காட்டிய லண்டன் அடுக்ககத்தை விற்றபோது, வரித்துறையைப் பொறுத்தவரை அது முதன்மை வீடு. ஆதாய வரி கட்டவில்லை. விதியை மீறவில்லை என்று சொல்லிக்கொண்டே, 13,332 பவுண்டுக்குக் காசோலை எழுதித் தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். மீறவில்லை என்றால் காசோலை எதற்கு என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். எனக்கென்னவோ, அந்த விவகாரம் முழுவதையும் ஒரே படத்தில் சொல்வதென்றால் வாத்துக் கூண்டை விட அந்தக் காசோலைதான் பொருத்தம்.

இனி அந்தக் கறுப்பு மைக்கு வருவோம். ஒரு எம்.பி. வீட்டைத் திருப்பிப் போட்டாரா என்று கண்டுபிடிக்க என்ன வேண்டும்? இந்த வருடம் எந்த வீட்டுக்குப் பணம் கேட்டார், அடுத்த வருடம் எந்த வீட்டுக்குக் கேட்டார், நிலப்பதிவேட்டில் எந்த வீடு எப்போது கைமாறியது: இந்த மூன்றையும் பக்கத்தில் வைக்கவேண்டும். மூன்றிலும் பொதுவாக உள்ள ஒரே தகவல் முகவரி. கணினித் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளை இணைக்க ஒரு சாவிப் புலம் வேண்டும் என்பார்களே, அது இதுதான். அதை மட்டும் அழித்துவிட்டால் ஒவ்வொரு ரசீதும் தனித்தனியாக யோக்கியமாகத் தெரியும்.

அந்தச் சாவியைப் பூட்டிவைக்க நாடாளுமன்றம் நான்கைந்து வருடம் போராடியது. தகவல் சுதந்திரச் சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்ததும், ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளரும் வேறு இருவரும் சில எம்.பி.க்களின் கணக்கைக் கேட்டு மனுப்போட்டார்கள். மறுத்தார்கள். 2007இல் நாடாளுமன்றத்துக்கே அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு ஒரு தனிநபர் மசோதா காமன்ஸ் அவையில் நிறைவேறியது. பிரபுக்கள் அவையில் அதை எடுத்து நடத்த ஒரு ஆள் கிடைக்காமல் அது செத்தது. 2008 மே மாதம் உயர் நீதிமன்றம், முகவரி உட்பட விவரங்களைத் தரத்தான் வேண்டும் என்றது. அப்புறம் 2009 ஜனவரியில் இன்னொரு விலக்கு முயற்சி, அதுவும் எதிர்ப்பில் பின்வாங்கியது. இதற்கிடையில் எம்.பி.க்களின் முகவரியைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோகும் விதியை மட்டும் தனியாக நிறைவேற்றிக்கொண்டார்கள். பிறகு கணக்குகளை ஸ்கேன் செய்து, கறுப்பு பூசும் வேலை ஆரம்பமானது.

அந்த வேலை நடந்த இடத்திலிருந்துதான் மை பூசாத மூலப்பிரதி ஒரு கணினி வன்தட்டில் வெளியேறியது. டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் 1,10,000 பவுண்டு கொடுத்து அதை வாங்கி, 2009 மே 8 முதல் நாள்தோறும் வெளியிட்டது. அந்த அறைக்குக் காவல் நின்றவர்களில் சிலர் பணியில் இருக்கும் ராணுவ வீரர்கள் என்றும், போர்முனைக்குப் போகுமுன் நல்ல உபகரணம் வாங்கக் காசு சேர்க்க அந்தப் பகுதிநேர வேலைக்கு வந்தவர்கள் என்றும் பின்னர் அந்தப் பத்திரிகை எழுதியது. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். ஒரு சபாநாயகர் இப்படி வெளியே தள்ளப்பட்டது 1695க்குப் பிறகு அதுவே முதல் முறை. அதிகாரபூர்வப் பக்கங்கள் ஜூனில் வந்தபோது, கார்டியன் நாளிதழ் சுமார் நாலரை லட்சம் பக்கங்களை வாசகர்களிடமே கொடுத்து அலசச் சொன்னது. முதல் 80 மணி நேரத்தில் 1,70,000 பக்கங்களை வாசகர்கள் பார்த்து முடித்தார்கள். ஆனால் அதில் சாவி இல்லையே.

சிறைக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். எலியட் மோர்லி, அடைத்து முடித்த வீட்டுக்கடனுக்குத் தொடர்ந்து வட்டி கேட்டார், 16 மாதம். டேவிட் சேட்டர் தன் சொந்த வீட்டுக்கே வாடகை கட்டுவதாகப் போலி ஒப்பந்தம் காட்டினார், 18 மாதம். படிவம் நிரப்புவதும் நாடாளுமன்ற நடவடிக்கைதான், எனவே 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் தங்களைக் காக்கும் என்று இவர்கள் வாதாடியதை உச்ச நீதிமன்றம் 2010இல் தள்ளிவிட்டது. பொய்க் கணக்கு எழுதியவர்கள் அகப்பட்டார்கள். வீட்டைத் திருப்பிப் போட்டதற்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை, ஏனென்றால் அது விதிக்குள் நடந்தது. கணக்குகளை மறுதணிக்கை செய்த சர் தாமஸ் லெக்கின் அறிக்கைக்குப் பிறகு எம்.பி.க்களிடமிருந்து திரும்பி வரவேண்டியிருந்தது சுமார் 11 லட்சம் பவுண்டு.

அதன்பின் படிகளைக் கவனிக்க இப்சா என்ற சுயேச்சை அமைப்பு வந்தது. வீட்டுக்கடன் வட்டி தருவதை நிறுத்தி, வாடகைக்கு மாறினார்கள். சமையலறையைப் பொதுப்பணத்தில் புதுப்பித்து விற்கும் வழி அதோடு அடைபட்டது. உடனே வேறொரு பொத்தல் தெரிந்தது: சில எம்.பி.க்கள் லண்டனில் இருந்த தங்கள் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வேறு வீட்டில் குடியேறி அதன் வாடகையைக் கேட்டார்கள். விதி அனுமதித்தது. முகவரிகள் இன்றும் வெளியிடப்படுவதில்லை. 2016இல் ஜோ காக்ஸ், 2021இல் டேவிட் அமெஸ் என இரண்டு எம்.பி.க்கள் கொல்லப்பட்ட நாட்டில், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவி இப்போது இப்சாவின் உள்ளறையில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய கேள்வி தீர்ந்தபாடில்லை. 2025 மே மாதம் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரேய்னர் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் 8,00,000 பவுண்டுக்கு ஓர் அடுக்ககம் வாங்கினார். ஒரே வீடுதான் என்றால் முத்திரைத்தீர்வை 30,000. வேறு வீடும் உண்டு என்றால் மொத்த விலையில் 5 சதவீதம் கூடுதல், அதாவது இன்னொரு 40,000. தொகுதியிலிருந்த பழைய வீட்டின் தன் பங்கை மகனுக்கான அறக்கட்டளைக்கு விற்றுவிட்டதால், தன் பெயரில் இது ஒன்றுதான் என்று அவர் 30,000 கட்டினார். ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான அறக்கட்டளையின் வீட்டைப் பெற்றோரின் வீடாகவே கணக்கில் எடுக்கும் ஒரு பிரிவு வரிச்சட்டத்தில் இருந்தது. உள்ளாட்சி வரிக்கோ அந்தப் பழைய வீடுதான் அவருடைய முதன்மை இல்லம். அமைச்சர்களின் நடத்தை பற்றிப் பிரதமருக்கு ஆலோசனை சொல்லும் சர் லாரி மேக்னஸ் விசாரித்து, அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார் என்றார். ஆனால் வரி நிபுணரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வழக்கறிஞர்கள் எச்சரித்திருந்தும் அவர் கேட்கவில்லை, அதனால் அமைச்சர் நடத்தை விதி மீறப்பட்டது என்று எழுதினார். செப்டம்பர் 5 அன்று ரேய்னர் பதவி விலகினார்.