முதலில் நம் ஆட்கள் என்கிறீர்களே

எழுபது வயதைத் தாண்டியவர். நீரிழிவால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். காயம் ஆறி வருகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிவிட்டார். எந்த வீட்டுக்கு என்று பார்ப்பது என் வேலை. கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக மருத்துவச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். அவருடைய கோப்பில் முகவரிக்கான கட்டம் காலியாக இருந்தது. லெபோ அம்பாங்கில் பூட்டிய கடை ஒன்றின் அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், ஆறு ஆண்டுகளாகப் படுத்து வந்தவர் அவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு சட்டை, ஒரு கைலி, இருமல் மிட்டாய் டப்பா ஒன்று. டப்பாவுக்குள் மூலை மடங்கிய ஒரு புகைப்படமும் நாடா வெளுத்த ஒரு பதக்கமும் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் இராணுவத்தில் இருந்திருக்கிறார். கம்யூனிஸ்டுகளுடன் மோதல் நடந்த காலத்தில் பேராக் மாநிலத்தின் கெரிக் வட்டாரத்தில் தாய்லாந்து எல்லைக் காடுகளில் ரோந்து போனவர். அடையாள அட்டை எண்ணைக் கேட்டபோது தடுமாறினார். இராணுவ எண்ணைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது. ஓர் இலக்கம் தவறாமல் ஒப்புவித்தார்.

பல இடங்களில் விசாரித்து அவருடைய தம்பி மகனைக் கண்டுபிடித்தோம். வந்தார். பெரியப்பாவின் காலைப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு என் மேசைக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். அகதிகளுக்கு இலவச வீடும் மாதப் பணமும் கிடைக்கிறது என்று யாரோ அனுப்பிய காணொளி. "மேடம், யார் யாருக்கோ வீடு கொடுக்கிறார்கள். நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கிய மனிதர் தெருவில் கிடக்கிறார். முதலில் நம் ஆட்களைப் பாருங்கள்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் கேட்காத மாதம் இல்லை. கோயில் அன்னதானத்தில், கல்யாண வீட்டில், மின்தூக்கிக்குள் கூடக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் பொறுமை போய்விட்டது. பெரியப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. குடும்பங்களுக்குள் பழைய காயங்கள் இருக்கும், அதில் தலையிடுவது என் வேலை இல்லை, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் காணொளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

மலேசியாவில் அகதிகளுக்கு யாரும் வீடு கொடுப்பதில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்த நாடு கையெழுத்திடவே இல்லை. அகதிகளுக்கான ஐநா ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அது தரும் அட்டை, இவர் பாதுகாப்புக் கோரி வந்தவர் என்று சொல்லும் ஓர் அட்டை, அவ்வளவுதான். அது வீட்டுச் சாவி இல்லை, வேலை அனுமதியும் இல்லை. அவர்கள் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பாதி கட்ட வேண்டும். அந்தப் பாதி எவ்வளவு என்று பிரசவ வார்டில் நின்று பார்த்தால் தெரியும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைக் குழந்தையுடன் என் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அவர்கள் இருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சிலாயாங்கிலும் அம்பாங்கிலும் மூன்று அறை அடுக்குமாடி வீட்டில் மூன்று குடும்பங்கள், கூடத்தில் தனியாட்கள் நான்கைந்து பேர். எல்லோரும் சேர்ந்து வாடகை கட்டுகிறார்கள், சந்தையில் மூட்டை தூக்கிய கூலியிலிருந்து. அதிலும் வீட்டுக்காரருக்குப் பயம். குடிநுழைவுச் சட்டத்தைப் பொறுத்தவரை ஆவணம் இல்லாதவர் எல்லோரும் ஒன்றுதான். அகதி என்ற தனிப் பிரிவே அதில் கிடையாது. அப்படிப்பட்டவரைத் தங்க அனுமதித்தால் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 55E பிரிவு இடம் தருகிறது. இதற்குப் பெயர் இலவச வீடா?

2024 ஆகஸ்டில் காஸாவிலிருந்து 127 பேரை அரசாங்கம் விமானத்தில் அழைத்துவந்து, காயமடைந்தவர்களை இராணுவ மருத்துவமனையில் சேர்த்துத் தங்கவும் வைத்தது உண்மை. அது சிகிச்சைக்காக அரசே எடுத்த தனி முடிவு. அதைக் காட்டி, இங்கே பதிவு பெற்று வாழும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டதாகச் சொல்வது பொய். அதற்கு முன்னால் வந்த வியட்நாமியர்களுக்கும் வீடு கொடுக்கப்படவில்லை. 1978 முதல் 1991 வரை பூலாவ் பீடோங் தீவு முகாமில் வைத்திருந்து, பெரும்பாலோரை வேறு நாடுகள் ஏற்றுக்கொண்டதும் அனுப்பிவைத்தோம்.

அந்தக் காணொளியை உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அது பிரிட்டனைப் பற்றியது. அங்கே 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களைச் சொந்த வீட்டில் தங்கவைக்க ஓர் அரசுத் திட்டம் வந்தது. ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். தங்க இடம் தருபவருக்கு மாதம் 350 பவுன் நன்றித்தொகை. நம் வீடற்றோருக்கும் முன்னாள் படைவீரருக்கும் இந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். அங்கே அந்தக் கேள்விக்கு ஓர் அடிப்படை உண்டு, திட்டம் என்று ஒன்று இருந்தது. இங்கே இல்லாத திட்டத்தின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தத் திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குறைந்தது ஆறு மாதம் என்றுதான் தங்க வைத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு முடிந்தபோதோ முறிந்தபோதோ கணிசமான உக்ரைன் குடும்பங்கள் உள்ளூர் மன்றங்களின் வாசலில் வீடற்றோராக வந்து நின்றன. நல்ல மனம் ஆறு மாதம் தாங்கும். ஏழாம் மாதத்துக்கு ஏற்பாடு வேண்டும். இதை எங்கள் தொழிலில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம்.

எனக்கு இன்னொரு வகை அழைப்பும் வரும். பெரிய செய்தி ஏதாவது வந்த வாரத்தில் நல்ல மனிதர்கள் அழைப்பார்கள். ஒரு முறை ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி. "மேல்மாடி காலியாக இருக்கிறது, ஈழத்துக் குடும்பம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றார்கள். வாடகையே வேண்டாம் என்றார்கள். மனதார நன்றி சொல்லிவிட்டு, இங்கேயே பிறந்த ஒரு தமிழர், தனியாள், பத்திய உணவு மட்டும் போதும், வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. "குடிப்பவராக இருப்பாரே அம்மா" என்றார் அந்த அம்மாள்.

குண்டு விழுந்து வீட்டை இழந்தவர் மேல் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. அஞ்சடியில் படுத்திருப்பவரைப் பார்த்ததும் இவர் என்ன தவறு செய்தாரோ என்று மனம் கணக்குப் போடுகிறது. என் கோப்புகளில் இருக்கும் கதைகள் வேறு. காவலாளி வேலையும் உணவகத்து வேலையும் பலருக்குப் படுக்க இடத்தோடு சேர்த்துக் கிடைப்பவை. முதுகு பிடித்து வேலை போனால் அன்று இரவே இடமும் போய்விடும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள், தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயத்து வீட்டை இழந்து பட்டணம் வந்தவர்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடந்து நடந்து ஒரு நாள் நடப்பதை நிறுத்திக்கொண்டவர்கள். குடிப்பவர்களும் உண்டு. அவர்களில் பலர் தெருவுக்கு வந்த பிறகு, சிமெண்டுத் தரையில் தூக்கம் வர வேண்டும் என்று தொடங்கியவர்கள். முதலில் குடியை விடட்டும், பிறகு கூரை கொடுக்கலாம் என்பவர்களிடம் ஃபின்லாந்தைப் பாருங்கள் என்பேன். 2008-இல் அந்த நாடு வரிசையைத் திருப்பிப் போட்டது. நிபந்தனை இல்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்தது, சிகிச்சையைப் பிறகு தொடங்கியது. அங்கே வீடற்றோர் எண்ணிக்கை குறைந்தது.

இனி முன்னாள் இராணுவத்தினர். பதக்கம் இருந்தால் ஓய்வூதியம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு 21 ஆண்டுச் சேவை வேண்டும். பத்து, பன்னிரண்டு ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. லாரி ஓட்டி, காவலாளியாக நின்று, உடம்பு விட்டதும் கையில் ஒன்றும் இருக்காது. அவர்களுக்கென்று முன்னாள் இராணுவத்தினர் விவகார இலாகா இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே சேவைச் சான்றிதழைத் தேடி எடுங்கள். காகிதம் இல்லையா, இராணுவ எண் போதும், அதை வைத்துத் தேட முடியும். நல உதவிக்கும் மருத்துவத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். அவர் இறந்த பிறகு பதக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகத் தேடாதீர்கள்.

ஓர் அகதியை அனுப்பிவிட்டால் நம் பெரியவருக்கு அறை கிடைத்துவிடுமா? அவரைத் தடுப்பவை வேறு. முதல் தடை அடையாள அட்டை. அது இல்லாமல் மாதம் 124 வெள்ளி வாடகைக்கான பிபிஆர் வீட்டுக்கு (ஏழைகளுக்கான அரசு அடுக்குமாடி வீடு) விண்ணப்பிக்க முடியாது, சமூக நல இலாகாவின் முதியோர் உதவியும் கிடைக்காது. தெருவில் படுப்பவருக்கு அட்டை தொலைவது சர்வசாதாரணம். தொலைத்தால் அபராதம் உண்டு, அடுத்தடுத்த முறை அது கூடும். திருடப்பட்டது என்றால் போலீஸ் புகார் செய்யுங்கள், அபராதம் இல்லை. இது தெரியாமல் பல ஆண்டுகள் அட்டை இல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, முன்பணம். 450 வெள்ளி அறைக்கு இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 1,575 வெள்ளி. அன்னதானத்துக்கு அதைப்போல் பல மடங்கு ஒரே இரவில் செலவழிக்கும் நாம், ஒருவருடைய முன்பணத்தைக் கட்ட முன்வருவதில்லை. மூன்றாவது, "இந்தியர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே எழுதும் வீட்டுக்காரர்கள். நம்மவர்களும் குறைவில்லை, "குடும்பம் மட்டும்" என்று எழுதி ஒற்றை ஆளைக் கழித்துவிடுகிறார்கள்.

உணவு கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 ஜூலையில் புக்கிட் பிந்தாங்கைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் சொன்னபோது நகரமே கொதித்தது. நானும் கொதித்தேன். ஆனால் சனிக்கிழமை இரவு ஒருவர் தலைமாட்டில் நான்கு பொட்டலம் சோறு இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றும் இல்லை. நீரிழிவுக்காரருக்கு இது விஷம். என் பெரியவரின் விரல்கள் போனதில் அந்தப் பொட்டலங்களுக்கும் பங்கு உண்டு. இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள். வாரநாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். சோற்றோடு ஒரு ஜோடி மூடிய செருப்பும் கொடுங்கள். காலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கறுத்திருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பேத்தி பார்த்துவிடுவாளே என்று அழுத மனிதரை நான் பார்த்திருக்கிறேன்.

இரக்கத்தில் யாரையும் நேராக வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள், அகதியானாலும் உள்ளூர்க்காரரானாலும். முதலில் 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண்ணில் பேசுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவுக்கு வாருங்கள். அகதிக்கு வாடகைக்கு விடுவதானால் அட்டையைச் சரிபாருங்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒருபோதும் அட்டையைப் பிணையாக வாங்கி வைக்காதீர்கள், சோதனையில் அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அது. உள்ளூர்ப் பெரியவரை வண்டியில் ஏற்றும் முன் எங்கே போகிறோம் என்று சொல்லுங்கள். 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி சோதனை நடத்தி, ஜொகூரின் மெர்சிங் போன்ற தொலைவான ஊர்களில் உள்ள அரசு இல்லங்களுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. என் பெரியவர் முதலில் கேட்டதே அதுதான்: "மெர்சிங் இல்லத்துக்கு அனுப்பிவிட மாட்டீர்களே அம்மா? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள்." ஜாலான் பகாங்கில் மாநகர மன்றத்தின் இடைத்தங்கல் மையம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

தம்பி மகன் அடுத்த வாரம் மறுபடி வந்தார். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, மனைவிக்குப் பழைய மனக்கசப்பு என்றார். ஆனால் புதிய அடையாள அட்டைக்குத் தன் வீட்டு முகவரியைக் கொடுத்தார். பதிவு இலாகாவில் இரண்டு மணி நேரம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நின்றார். கைவிரல் ரேகை பதியும்போது பெரியப்பாவின் கையைத் துணியால் துடைத்துவிட்டார்.

பெரியவர் இப்போது செந்தூலில் ஒரு தரைத்தள அறையில் இருக்கிறார். முன்பணத்தையும் மூன்று மாத வாடகையையும் ஒரு நன்கொடையாளர் கட்டியிருக்கிறார். மாதம் 600 வெள்ளி முதியோர் உதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. வருகிற புதன்கிழமை கட்டு மாற்ற வருவார். நான்காம் மாத வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.