வாஷிங்டன்: ஓர் ஊர்ப்பெயர் குடும்பப் பெயரான கதை

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகர் நினைவுக்கு வரும். அப்புறம் ஜார்ஜ் வாஷிங்டன். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்த வரிசை மாறலாம். இவர்கள் எல்லோருக்கும் மூத்த வாஷிங்டன் இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய கணக்கில் டர்ஹம் மாவட்டத்து ஊர்.

முதலில் சொல்லைப் பிரித்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் இதில் மூன்று துண்டுகள் உண்டு. முதல் துண்டு ஹ்வாஸ்ஸா என்ற ஆளின் பெயர். நடுவில் வரும் 'இங்' அவருடைய வழியினரை, கூட்டத்தாரைக் குறிக்கும். கடைசித் துண்டு 'டூன்'. இது முதலில் வேலியையும் வேலியடைத்த இடத்தையும் குறித்தது, பிறகு பண்ணையைக் குறித்தது, கடைசியில் ஊர் என்றே ஆகிவிட்டது. இன்று நாம் சொல்லும் 'டவுன்' அதே சொல்தான். தமிழில் இதற்குச் சரியான இணை தேடினால் 'பட்டி' கிடைக்கும். ஆடு மாடு அடைக்கும் இடமாகத் தொடங்கி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று ஊராகவே நிலைத்துவிட்ட சொல் அது. ஆக, வாஷிங்டன் என்பது 'ஹ்வாஸ்ஸா கூட்டத்தார் பட்டி'. துணி துவைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது காதுக்குத் தோன்றும் ஒற்றுமை மட்டுமே. பழைய ஆவணங்களில் இந்த ஊர் 'வெசிங்டன்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. 'ஷ' ஒலி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் உண்டு. அந்தப் பெயரும் இதே அச்சில் உருவானதுதான் என்றாலும், நம் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஊர்ப்பெயர் ஆள்பெயராக மாறிய இடத்தை ஓரளவு துல்லியமாகவே காட்ட முடிகிறது. டர்ஹம் ஆயர் ஹியூ டி புய்சே 1183இல் தம் நிலங்களுக்கெல்லாம் கணக்கெடுத்தார். போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பதிவு: வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தம்மிடம் இருந்த ஹெர்ட்பர்னைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வெசிங்டனை வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும். அதோடு, ஆயரின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களோடு போகவும் வேண்டும். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன்காரர் வில்லியம் 'டி வெசிங்டன்' ஆனார். அந்தக் கைமாற்று மட்டும் நடக்காமல் போயிருந்தால், அமெரிக்கத் தலைநகருக்கு ஆங்கிலக் காதில் 'ஹார்ட்பர்ன்', அதாவது 'நெஞ்செரிச்சல்' என்று விழும் பெயர் வாய்த்திருக்கும்.

வில்லியமின் பெயரில் உள்ள 'டி' ஆங்கிலேயர்மீது நார்மன்கள் ஏற்றிய பிரெஞ்சு. 'அந்த ஊர்க்காரர்', 'அந்த ஊரை வைத்திருப்பவர்' என்று பொருள். சங்கப் பாடல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார், அரிசில் கிழார் என்று எத்தனை பேர்! கிழமை என்றால் உரிமை. கிழார் என்றால் ஊருக்கு உரியவர். வில்லியமை 'வெசிங்டன் கிழார்' என்று எழுதினால் ஒரு மாற்றுக் குறையாது. வேறுபாடு அடுத்த தலைமுறையில்தான் வருகிறது. கோவூர் கிழாரின் பேரன் அந்த ஊரைவிட்டுப் போனால், அந்தப் பெயரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் நம்மிடம் உருவாகவில்லை. இங்கிலாந்தில் நிலம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதை எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. வரிப் பட்டியலிலும் ஆளை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அதனால் 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பெயர் இறுகிவிட்டது. ஊரில் வாழாதவரும் ஊரின் பெயரோடு திரிந்தார்.

வாஷிங்டன்களும் திரிந்தார்கள். ஒரு கிளை மேற்கே போய் லங்காஷயரின் வார்ட்டனில் தங்கியது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்த்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வணிகத்தில் பணம் பார்த்து, நகர மேயராகவும் ஆனார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்தை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் பண்ணையை அரசிடமிருந்து 324 பவுண்டு சொச்சத்துக்கு வாங்கினார். அந்த வீட்டு வாசலில் இன்றும் குடும்பச் சின்னம் இருக்கிறது: இரண்டு பட்டைகள், அவற்றுக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள். வெள்ளைமேல் சிவப்பில் அதே சின்னம்தான் 1938 முதல் அமெரிக்கத் தலைநகரின் கொடி. அமெரிக்க தேசியக் கொடியும் இதிலிருந்துதான் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சான்று இல்லை.

கடல் தாண்டிய கதை செழிப்பில் தொடங்கவில்லை. சல்கிரேவ் லாரன்ஸின் வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ், ஆக்ஸ்போர்டில் படித்துப் பாதிரியாகி, எசெக்ஸின் பர்லியில் திருச்சபைப் பொறுப்பில் இருந்தார். உள்நாட்டுப் போரின்போது மன்னரை எதிர்த்த பியூரிட்டன் தரப்பு 1643இல் அவரை வெளியேற்றியது. சாராயக் கடையே கதியென்று கிடக்கிறார், மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி எழுதியதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். வருமானம் போய் வறுமையில் செத்தார். அவருடைய மகன் ஜான், புகையிலை ஏற்றும் 'சீ ஹார்ஸ்' என்ற கப்பலில் அதிகாரியாக வர்ஜீனியா போனார். 1657 தொடக்கத்தில், சரக்கேற்றித் திரும்பும் நேரத்தில், கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டி மூழ்கியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். நத்தேனியல் போப் என்ற நிலக்காரரின் மகள் ஆனைக் கட்டிக்கொண்டார். மாமனார் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. அப்படியானால் இன்று அமெரிக்காவில் இந்தப் பெயரைச் சுமப்பவர்கள் யார்? 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அங்கே பரவலாக வழங்கும் பெயர்களில் வேறு எதற்கும் இவ்வளவு உயர்ந்த விகிதம் இல்லை.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் விளக்கம், 'அடிமைகளுக்கு எஜமானின் பெயரைப் போட்டுவிட்டார்கள்' என்பது. சிலருக்கு அது பொருந்தும். ஹாரி வாஷிங்டன் என்பவரைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் காம்பியா பக்கத்தில் பிறந்தவர். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்கி, சதுப்பு நிலத்தை வடிகட்டும் வேலையில் விட்டார். 1776இல் ஹாரி தப்பியோடி, எஜமான் எந்தப் படையை எதிர்த்துப் போரிட்டாரோ அந்த பிரிட்டிஷ் படையிலேயே சேர்ந்தார். போர் முடிந்து 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களின் பதிவேட்டில் அவர் இருக்கிறார்: வயது 43, ஜெனரல் வாஷிங்டனின் உடைமையாக இருந்தவர். முதலில் கனடாவின் நோவா ஸ்கோஷியா, பிறகு 1792இல் சியரா லியோன். குடியேற்றத்தை நடத்தி நில வரி கேட்ட கம்பெனிக்கு எதிராக 1800இல் அங்கே எழுந்த கலகத்தில் இவரும் இருந்தார். அதற்காக நாடு கடத்தவும் பட்டார். டர்ஹம் பண்ணையின் பெயர் அட்லாண்டிக்கை மறுபடி கடந்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது இப்படித்தான். ஆங்கிலேய வாஷிங்டன்கள் யாருடைய பயணமும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

ஆனால் பெரும்பாலோர் விஷயத்தில் எஜமான் விளக்கம் போதாது. 1799இல் ஜார்ஜ் இறந்தபோது அவருடைய பண்ணையான மவுண்ட் வெர்னனில் அடிமைகள் 317 பேர். தமக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்கும்படி உயில் எழுதியிருந்தார். இத்தனை பேரை வைத்து ஒன்றரை லட்சம் வராது. அடிமை முறை ஒழிந்த 1865க்குப் பிறகு, விடுதலை பெற்ற லட்சக்கணக்கானோருக்கு ஆவணங்களில் ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. சிலரிடம் எஜமானுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்ட பெயர் ஏற்கெனவே இருந்தது. மற்றவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் தம் தன்வரலாற்றில் இதை அருகில் நின்று காட்டுகிறார். சிறுவனாகப் பள்ளிக்குப் போன முதல் நாள். ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர், சிலருக்கு மூன்றுகூட இருக்கிறது. இவருக்கோ 'புக்கர்' ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அதுதான் தன் பெயர் என்பதுபோலப் பதறாமல் 'புக்கர் வாஷிங்டன்' என்றாராம். அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். அதாவது அந்தப் பெயர் எந்த எஜமானிடமிருந்தும் வரவில்லை. வீட்டிலிருந்த ஒருவரின் முதற்பெயரே ஒரு குடும்பப் பெயராகிவிட்டது.

இனி 'சர்நேம்' என்பதற்குத் தமிழ். பிரெஞ்சு வழியில் வந்த அந்தச் சொல்லுக்கு 'மேற்பெயர்', அதாவது கூடுதலாக வைத்த பெயர் என்பதே வேர்ப்பொருள். இன்றைய பொருளுக்குக் 'குடும்பப் பெயர்' என்பதே சரி. 'குலப்பெயர்' என்றால் சாதி வாடை வந்துவிடும். 'பின்பெயர்' என்பதும் பொருந்தாது: தெலுங்கரின் இன்டிப்பேரும் சீனரின் குடும்பப் பெயரும் முன்னால்தான் நிற்கும். 'கடைசிப் பெயர்' ஆங்கிலப் படிவத்தின் நேர்ப்பெயர்ப்பு. நம் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயர் என்பதும் பிழை. அது அப்பா பெயர் அல்லது ஊர்ப்பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு.

அந்த வழக்கத்துக்குள் வாஷிங்டன் வந்து விழுந்த கதை சென்னையில் உண்டு. கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் அப்பா சுந்தர், திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். இளவயதில் அவருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி, சீருடை வாங்கிக் கொடுத்து ஆதரித்தவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர். அவர் பெயர் வாஷிங்டன். 1999இல் மகன் பிறந்தபோது, சீனிவாசன் என்று காதில் ஓதினாலும், நன்றிக்காக வாஷிங்டன் என்றே பெயர் வைத்தார். ஆகவே இந்த வாஷிங்டன் குடும்பப் பெயர் அல்ல, இட்ட பெயர். வெளிநாட்டு வர்ணனையாளர்கள் குடும்பப் பெயரென்று நினைத்து மரியாதையாகச் 'சுந்தர்' என்கிறார்களே, அது அப்பாவின் பெயர்.