கூட்டத்தில் எழுந்தவர் என்னதான் கேட்டார்?

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் செய்தி மேசைக்கு அடிக்கடி வரும் தலைப்பு, "வேட்பாளர் பிரசாரத்தில் சலசலப்பு". குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று ஊர்ப் பெயர்தான் மாறும். ஒருவர் கூச்சலிட்டார். கட்சியினர் அவரை அப்புறப்படுத்தினர். போலீசார் விசாரிக்கின்றனர். அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு நிலவியது. செய்தி முடிந்தது. அவர் என்ன கேட்டார் என்பது மட்டும் இருக்காது.

வேலூரில் மாவட்டச் செய்திகளைத் திருத்திப் பக்கம் போடுவது என் வேலை. இந்த மாதிரிச் செய்தியைப் பார்ப்பவர்கள், "பத்திரிகைக்காரன் விலை போயிட்டான்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். விளம்பரத்துக்காக வளைவது கிடையவே கிடையாது என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. ஆனால் பல நேரங்களில் கேள்வி காணாமல் போவதற்குக் காரணம் அதைவிடச் சப்பையானது.

மேடைக் கூட்டத்தில் டி.வி. கேமராக்காரர்கள் மைக் செட் மிக்சரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேராகக் கேமராவில் செருகிவிடுவார்கள். வேட்பாளர் தொண்டையைச் செருமுவதுகூடத் தெளிவாகப் பதியும். நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறவரின் குரல் பதியாது. அதனால் வீட்டில் இருப்பவர் காதுக்கு வருவது, "யாருப்பா அது? உக்காரு தம்பி, எந்தக் கட்சி அனுப்பிச்சது உன்ன?" என்ற வேட்பாளரின் பதில் மட்டும்தான். கூட்டம் சிரிக்கும். கேட்டவர் கோமாளி ஆகிவிடுவார்.

வேன் பிரசாரம் இன்னும் மோசம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். ஒன்பதரைக்கு மேல் வேட்பாளருக்கும் அவசரம், நிருபருக்கும் அவசரம், பக்கம் முடிக்க வேண்டிய எங்களுக்கும் அவசரம். அப்படி ஒரு ராத்திரியில் வாணியம்பாடி பக்கத்திலிருந்து பகுதி நேர நிருபர் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். வேனை மறித்த இளைஞர், சட்டையைப் பிடித்து இழுத்துப்போன தொண்டர்கள், எல்லாம் இருந்தது. போன் போட்டேன்.

"இன்னாதாம்பா கேட்டான் அந்தப் பையன்?"

"தெரிலண்ணே. பாலாறு, தோல் கம்பெனின்னு ஏதோ கத்திகினு இருந்தான். மைக் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"அவனையே தேடிப் புடிச்சி கேளு. நான் பக்கத்த நிறுத்தி வெக்கிறேன்."

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. தோல் கழிவுநீரால் கெட்டுப்போன நிலத்துக்கு இழப்பீடு எப்போது கிடைக்கும் என்பதுதான் கேள்வி. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதில் அடக்கம். அதே பிரச்சினைக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய விஷயம் எங்களுக்கு வந்த செய்தியில் "ரகளை" என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தது. தலைப்பை "பாலாறு இழப்பீடு எங்கே? வேட்பாளரிடம் இளைஞர் கேள்வி" என்று மாற்றினேன். இடம் கூடுதலாக ஒரு வரிதான் பிடித்தது.

"மரியாதையாகக் கேட்டால் என்ன?" என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. 1905 அக்டோபரில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் லிபரல் கட்சிக் கூட்டத்தில் கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டும் ஆனி கென்னியும் பெண்களுக்கு ஓட்டுரிமை தருவீர்களா என்று எழுந்து கேட்டார்கள். பதில் இல்லை. சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினார்கள். அதற்கும் பதில் இல்லை. வெளியே தள்ளப்பட்டு, கைதாகி, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன பிறகுதான் பத்திரிகைகள் அவர்களைப் பெரிதாக எழுத ஆரம்பித்தன. நம் ஊரிலும் மேடைக்குப் போகும் துண்டுச் சீட்டுகளில் எத்தனை வாசிக்கப்படுகின்றன என்பது கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

அதற்காகக் கூட்டத்தில் எழுந்து நிற்பவரெல்லாம் போராளி என்று நான் சொல்லவில்லை. எதிர்க்கட்சி அனுப்பி வருகிறவர்களும் உண்டு. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள், ஒரு கட்சியின் தொண்டரோ ஆதரவாளரோ இன்னொரு கட்சிக் கூட்டத்தில் வாயாலோ எழுத்தாலோ கேள்வி கேட்டுக் குழப்பம் செய்யக் கூடாது என்கின்றன. அதனால் எழுந்தவர் கட்சிக்காரரா, பாதிக்கப்பட்டவரா, சமூக ஆர்வலரா என்பதைச் செய்தி விசாரித்துச் சொல்ல வேண்டும். "மர்ம நபர்" என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

அதே விதிகளில் பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. கூட்டத்தில் இடையூறு செய்பவரைக் கையாளப் போலீசின் உதவியைத்தான் நாட வேண்டும், ஏற்பாட்டாளர்கள் தாங்களே நடவடிக்கையில் இறங்கக் கூடாது. ஆனால் "கட்சியினர் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்" என்று நாங்கள் எழுதும்போது அது ஏதோ கல்யாண வீட்டுப் பந்தி வேலை மாதிரி இயல்பாக இருக்கிறது. அங்கே விதியை மீறியது யார் என்று கேட்டால் செய்தியே வேறாகிவிடும்.

சட்டமும் நுணுக்கமானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127, கூட்டத்தை நடக்கவிடாமல் செய்யும் நோக்கத்தோடு ஒழுங்கீனமாக நடப்பதைக் குற்றம் என்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் என்பதுதான் இதில் முக்கியம். ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தவரும், மைக் ஒயரைப் பிடுங்கியவரும் ஒன்றல்ல. வழக்குப் போட்டாலே குற்றவாளி என்கிற தொனியில் எழுதுவது சரியல்ல.

"குடிபோதையில் இருந்தார்" என்று வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோய்ப் பரிசோதித்தார்களா? இல்லையென்றால் அந்தச் சொல் பக்கத்தில் ஏறாது. போலீஸ் சொன்னதாகப் போட்டாலும், பெயரோடு வந்துவிட்டால் அந்தக் கறை ஊரில் போகவே போகாது.

கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு: கேள்வியை நாலு வரியில் எழுதி, பெயரும் போன் நம்பரும் போட்டுப் பத்து நகல் எடுத்து, முன்கூட்டியே நிருபர்கள் கையில் கொடுங்கள். கூட வருபவர் நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே வீடியோவை ஆரம்பித்துவிடட்டும். தள்ளுமுள்ளுவில் ஆரம்பிக்கும் வீடியோ உங்களுக்கு உதவாது, எதிராளிக்குத்தான் உதவும். யூடியூப் சேனல்காரர்கள் தேடுவதும் அந்தத் துண்டைத்தான்.

தப்பாகச் செய்தி வந்துவிட்டால் முதலில் ஆசிரியருக்கு, வந்த தேதி, பக்கம் குறிப்பிட்டு மறுப்புக் கடிதம் எழுதுங்கள். போடவில்லை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் புகார் செய்யலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். கண்டிக்கத்தான் அவர்களுக்கு அதிகாரம், தண்டிக்க அல்ல. டி.வி. சேனல்கள் அந்த கவுன்சிலுக்குள் வராது. மறுப்புக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.