திருகின் மேல் நின்ற கொட்டகை

மெரினாவில் அலை வந்து போகும் விளிம்பில் வெறுங்காலோடு இரண்டு நிமிஷம் அசையாமல் நின்று பாருங்கள். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். நாலைந்து அலைக்குள் பாதம் புதைந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிடும். சும்மா நிற்கும் ஆளுக்கே இந்தக் கதி என்றால், கரையிலிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே 1,400 பேர் உட்காரும் ஒரு கொட்டகையை எப்படி நிறுத்துவது?

இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் ஊரில் நிறுத்திக் காட்டினார்கள். அங்கே 1866இல் திறந்த வெஸ்ட் பியர் என்னும் கடற்பாலத்தின் நுனியில் 1893இல் அந்த அரங்கம் எழுந்தது. 1916இல் பாலத்தின் மேலேயே ஒரு கச்சேரி மண்டபமும் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கரை ஊர் என்றால் இப்படி ஒரு பியர் இருந்தாக வேண்டும் என்ற நிலை. ரயிலேறி விடுமுறைக்கு வந்த ஜனம் நுழைவுக் காசு கொடுத்துப் பலகைமேல் நடந்து நுனிவரை போகும். அங்கே வெரைட்டி நிகழ்ச்சி: ஒரு பாட்டு, ஒரு சிரிப்புக் காட்சி, பான்ஜோ வாசிப்பு, நடனம், மந்திர வித்தை, மறுபடி பாட்டு. தொளதொளத்த வெள்ளை உடையில் கறுப்புக் குஞ்சம் தொங்க, கூம்புத் தொப்பி வைத்த பியரோ குழுக்கள்தான் அந்தக் காலத்தின் செல்லப்பிள்ளைகள். கிளிஃபர்ட் எசெக்ஸ் என்ற பான்ஜோ கலைஞர் 1891இல் இங்கிலாந்தில் தொடங்கி வைத்த பாணி அது.

மேடையில் ஆடியவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர்களைத் தாங்கிய கால்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

அந்தக் கால்களைக் கண்டுபிடித்தவருக்குக் கண் தெரியாது. அலெக்சாண்டர் மிட்செல் 1780இல் டப்ளினில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதுவாக்கில் பார்வை முழுவதும் போய்விட்டது. அவர் 1833இல் காப்புரிமை வாங்கிய பொருள் திருகுத் தூண். ஓர் இரும்புத் தூண், அதன் அடியில் அகலமான இரும்புத் தகடு, அந்தத் தகடு ஒரே ஒரு சுற்றுத் திருகாணி மாதிரி சரிந்து வளைந்திருக்கும். தூணைச் சம்மட்டியால் அடித்து இறக்குவதில்லை. மேலே நீண்ட கம்புகளைக் குறுக்கே செருகி, ஆட்கள் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி நடந்து தள்ளுவார்கள். தூண் தானாகக் கடலடிக்குள் இறங்கும். வேலை சரியாக நடக்கிறதா என்பதை மிட்செல் நேரில் போய்க் கையால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

சரி, தகடு என்ன செய்கிறது? 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தூணின் அடியில் 120 சென்டிமீட்டர் தகடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறுக்களவு நாலு மடங்கு, ஆனால் பரப்பு 16 மடங்கு. அதே பாரம் 16 மடங்கு மணலில் பரவுவதால் தூண் அழுந்திப் போவதில்லை. மேல்நோக்கி இழுத்தாலும் வராது, ஏனென்றால் தகட்டுக்கு மேல் கிடக்கும் மணல் மொத்தத்தையும் சேர்த்துத் தூக்கினால்தான் தூண் பெயரும். அப்புறம் அந்தக் குதிகால் விஷயம். தூணைச் சுற்றி வளையும் தண்ணீர் வேகமெடுத்து, தூணடியில் மணலைத் தோண்டுகிறது. இந்த அரிப்பு எட்டாத ஆழத்தில் தகடு உட்கார்ந்திருக்கும்.

முதலில் இதை வைத்து மணல்திட்டுகளில் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். பிளாக்பூல் பக்கத்திலுள்ள ஃபிளீட்வுட்டில் 1840இல் ஒன்று ஏற்றப்பட்டது. 1855இல் யூஜீனியஸ் பர்ச் என்ற பொறியாளர் மார்கேட் ஊரில் திருகுத் தூண்கள் மேல் ஒரு பியர் கட்டினார். தொடர்ந்து மொத்தம் 14 பியர்கள். பிரைட்டனின் வெஸ்ட் பியரும் அவர் கைவேலைதான்.

அலையை எதிர்த்துச் சுவர் கட்டினால் அலையின் முழு வேகத்தையும் சுவர் வாங்க வேண்டும். ஒல்லித் தூண்கள் அலையோடு சண்டைக்குப் போவதில்லை. ஆறு மீட்டருக்கு ஒன்றாக 30 சென்டிமீட்டர் தூண் நின்றால், வருகிற தண்ணீரில் இருபதில் ஒரு பங்குக்குத்தான் குறுக்கே நிற்கிறது. மீதி நடுவே புகுந்து போய்விடும். தூண்கள் வார்ப்பிரும்பு. மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது அபாரமாகத் தாங்கும், இழுத்தால் முறிந்துவிடும். அதனால் இழுவையைத் தாங்கத் தூண்களுக்கிடையே தேனிரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டினார்கள்.

மேல்தளத்துப் பலகைகளுக்கு இடையே விரலிடுக்கு அளவு சந்து விட்டிருப்பார்கள். குனிந்தால் கீழே கடல் தெரியும். தம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கையை மேலே தள்ளும். சந்தில்லாத தளத்தின் அடியில் பேரலை வந்து மோதினால் நடப்பதும் அதுதான்: தளமே பெயர்ந்துவிடும். சந்து இருந்தால் காற்றும் தண்ணீரும் பீச்சியடித்து வெளியேறிவிடும்.

கொட்டகைக்குள் அப்படிச் சந்து விட முடியாது. எனவே அதை அலைக்கு எட்டாத உயரத்தில், மரமும் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக, முடிந்தவரை பாரமில்லாமல் கட்ட வேண்டியிருந்தது. மேடைக்குக் கீழே நிலவறை தோண்ட வழியில்லை, கீழே இருப்பது கடல். பெரிய காட்சிப் பொருள் எதுவானாலும் பாலம் நெடுகச் சுமந்து வர வேண்டும். ஒரு பியானோ, ஒரு திரை, பத்துப் பேர் இருந்தால் போதும் என்ற வெரைட்டி நிகழ்ச்சி அங்கே அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதில் இந்தக் கட்டடத்துக்கும் பங்குண்டு என்றே எனக்குப் படுகிறது.

இந்தத் திருகு நம் பக்கமும் வந்தது. 1861இல் சென்னையில் கப்பல் சரக்கு இறக்கத் திறந்த பியர் திருகுத் தூண்கள் மேல்தான் நின்றது. 1868, 1872 புயல்களில் அடிபட்டது. பிறகு அலைத்தடுப்புச் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். அந்தச் சுவரையும் 1881 புயல் உடைத்தது.

அலைக்கு வழிவிடும் ஒல்லிக் கால்கள், கனமான எதுவும் வந்து மோதினால் தாங்காது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள குரோமர் பியரில் 1993 நவம்பரில் அதுதான் நடந்தது. புயலில் கட்டறுந்த வேலைப்படகு ஒன்று பாலத்தின் நடுவே புகுந்து அறுத்துக்கொண்டு போனது. நுனியிலிருந்த கொட்டகை மட்டும் கரையோடு தொடர்பில்லாமல் தண்ணீர் நடுவே நின்றுகொண்டிருந்தது. பாலத்தை மறுபடி ஒட்டவைத்தார்கள். அங்கே இன்றும் கோடையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் வெரைட்டி நிகழ்ச்சி நடக்கிறது.