கேசட்டில் உறங்கும் குரலை எழுப்ப ஒரு திருகாணி

1984-இல் பதிந்த அறுபது நிமிடக் கேசட். உள்ளே என் அப்பாயி பாடிய தாலாட்டு. கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கினோம். வந்த கோப்பில் இரைச்சல் துளியும் இல்லை. ஆனால் அப்பாயி போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. 'ச'வில் தொடங்கும் சொல் எதுவும் விளங்கவில்லை. நாடா தேய்ந்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நாடா நன்றாகத்தான் இருந்தது. அதைப் படித்த ஹெட், அதாவது டேப் ரெக்கார்டரில் நாடா உரசிச் செல்லும் காந்த முனை, சாய்ந்திருந்தது.

1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய நாள்முதல் கேசட் நாடாவின் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். நாடாவின் பூச்சு முழுக்க, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம்கூட இல்லாத இரும்பு ஆக்சைடு ஊசிகள். ஒலி அவற்றைக் காந்தமாக்கி வரிவரியாகப் பதிகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி என்றால், அந்த 4.76 சென்டிமீட்டருக்குள் பத்தாயிரம் அலைகள் அடங்க வேண்டும். ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 4.76 மைக்ரான்; தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஹெட்டின் நடுவிலுள்ள மெல்லிய பிளவு இந்த வரிகளைப் படிக்கிறது. மோனோ பதிவின் தடம் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அகலம். பதிந்த ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் சாய்வில் ஒரு டிகிரியின் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், தடத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் ஐந்து மைக்ரான் விலகல் வந்துவிடும். ஒரு முழு அலையின் மேடும் பள்ளமும் ஒரே நேரத்தில் பிளவுக்குள் சிக்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இப்படித் தொலைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக மெல்லத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் இரைச்சலும் குரலும் சேர்ந்து சட்டென்று பளிச்சிடும். அதுதான் அந்தக் கேசட்டுக்கு உரிய சாய்வு. அடுத்த கேசட் வேறு ரெக்கார்டரில் பதிந்ததாக இருந்தால் மறுபடியும் தேட வேண்டும். எங்கள் கேசட்டில் 'சாஞ்சாடு' என்ற சொல் திரும்பி வந்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

வேகமும் பிசகும். ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். கரண்ட்டில் ஓடிய ரெக்கார்டரில் பதிந்ததென்றால், வேகத்தைக் கண்டுபிடிக்கும் தடயம் நாடாவிலேயே இருக்கும்: மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். கணினியில் அது 53-இல் தெரிந்தால் நாடா வேகமாக ஓடுகிறது என்று பொருள். நாடாவை நிறுத்திய பிறகும் அந்த ரீங்காரம் கேட்டால், அது இப்போதைய கருவியினுடையது. அந்தக் காலத்தில் நம் மின்தொகுப்பின் அலைவெண்ணே ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும் என்பதால், கடைசித் தீர்ப்பைக் காதுதான் சொல்ல வேண்டும்.

கணினியில் பதியும்போது, உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெலைத் (பூஜ்யம்தான் உச்ச வரம்பு) தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாடா அதிக ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். டிஜிட்டல் பதிவு அலையின் தலையை அப்படியே சீவிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். எம்பி3-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் நீக்கம் கடைசி வேலை. ஆடாசிட்டி போன்ற மென்பொருளுக்கு, குரல் இல்லாத ஒரு வினாடியை மாதிரியாகக் காட்டுகிறோம். அது ஒலியை நூற்றுக்கணக்கான அலைவெண் துண்டுகளாகப் பிரித்து, மாதிரியில் கண்ட அளவுக்கு மேல் எழாத துண்டுகளை அடக்கிவிடும். மூச்சும் 'ச' போன்ற எழுத்துகளின் சீறலும் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியேதான் இருக்கும். அதனால் 6 முதல் 9 டெசிபெல் குறைத்தால் போதும் என்பேன். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் குழையும்.

கைவைக்காத முதல் கோப்பைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் இரண்டு அடிகளுக்கு நடுவே, அப்பாயி மூச்சு வாங்கும் இடத்தில், சீரான ஒரு கிறீச்சொலி கேட்கும். கடையில் கொடுத்த கோப்பில் அது இல்லை. தூளிக் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் அது.