வலி எட்டு, ஆனால் முழுத் திருப்தி

வயிற்றில் ஆபரேஷன் நடந்த மறுநாள் காலை, நர்ஸ் கேட்கிறார்: "வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. இப்போது எவ்வளவு?" நோயாளி "எட்டு" என்கிறார். வீடு திரும்பும் நாளில் அவரிடமே, வலிக்குக் கொடுத்த சிகிச்சை எப்படி இருந்தது என்று கேட்டால், "மிகவும் திருப்தி" என்கிறார். இரண்டுமே உண்மையான பதில்கள்தான். பல நாடுகளில் ஆய்வாளர்கள் இந்த முரணைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

முதலில் எட்டைப் பார்ப்போம். கத்தி பட்ட திசு, புரோஸ்டாகிளாண்டின் உள்ளிட்ட வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. அவை அங்குள்ள நரம்பு முனைகளை எளிதில் சீண்டப்படுபவையாக மாற்றிவிடுகின்றன. அதோடு நிற்பதில்லை. வலிச் செய்தி ஓயாமல் வந்தால் தண்டுவடத்து நரம்பணுக்களும் கூர்மையடைகின்றன என்று 1983இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். அந்நிலையில் போர்வை உரசினால்கூட வலிக்கும். அதனால்தான் வலி முற்றும்வரை காத்திராமல், மணி பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். பாரசிட்டமால், டைக்ளோஃபினாக், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி என ஒவ்வொன்றும் வலியின் பாதையில் வெவ்வேறு இடத்தை மறிக்கிறது. இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் மார்ஃபின் குறைவாகவே தேவைப்படும். குமட்டல், மலச்சிக்கல், மந்தம் ஆகியவையும் குறையும்.

திருப்தி வேறு வழியில் பிறக்கிறது. "ஆபரேஷன் என்றால் வலிக்கத்தானே செய்யும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவருக்கு, எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைந்தாலே நிம்மதி. கூப்பிட்டதும் ஒருவர் வந்து விசாரித்தார் என்பது அதைவிடப் பெரிது. அந்த அக்கறையை வெறும் ஆறுதல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் 1978இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத ஊசியைப் போட்டும் வலி தணிந்தவர்களுக்கு, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளை முறிக்கும் நாலக்சோனைக் கொடுத்ததும் வலி ஏறியது. மூளை தானே சுரக்கும், மார்ஃபினை ஒத்த எண்டார்ஃபின்கள்தாம் அதுவரை வலியைத் தணித்திருந்தன என்பதற்கு அது வலுவான சான்று. இத்தாலியின் டூரினில் ஃபாப்ரிசியோ பெனெடெட்டியின் குழு, வலி மருந்தை நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரத்தின் மூலம் செலுத்திப் பார்த்தது. கண்ணெதிரே சொல்லிப் போட்ட ஊசியைவிட அது குறைவாகவே வேலை செய்தது. "இப்போது வலிக்கு ஊசி போடுகிறேன் அம்மா" என்ற சொல்லும் மருந்தில் சேர்த்தி.

ஆனாலும் திருப்தியை மட்டும் அளவுகோலாக்குவது ஆபத்து என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கான அரசுப் பணத்தில் ஒரு பகுதி, நோயாளிகளின் திருப்திக் கணக்கெடுப்போடு பிணைக்கப்பட்டது. மதிப்பெண்ணுக்காக ஓபியாய்டுகள் கூடுதலாக எழுதப்படும் என்ற அச்சம் எழவே, வலி பற்றிய கேள்விகளைப் பின்னர் நீக்கினார்கள். இதற்கு நேர்மாறான ஆபத்து, நம் வீட்டுப் பெரியவர்களின் "பரவாயில்லை". அவர்கள் அசையாமல் படுத்திருந்தால் வலி இரண்டாக இருக்கலாம், இருமினால் ஒன்பது. அந்த ஒன்பதுக்குப் பயந்து ஆழ்ந்து மூச்சிழுக்காமல் இருந்தால் சளி தேங்கி நுரையீரலில் தொற்று வரலாம். எழுந்து நடக்காவிட்டால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம்.

ஆகவே நர்ஸ் எண்ணைக் கேட்கும்போது, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு ஒருமுறை இருமிப் பார்த்துவிட்டு, அப்போது எவ்வளவு வலித்தது என்பதையும் சொல்லுங்கள்.